‘எப்போது வந்தாய்?’ என்று கேட்ட ஆறு

டார்ஜிலிங்கிலிருந்து காலிம்பொங் போகிற மலைப்பாதையில் வண்டிகள் தவறாமல் நிற்கிற ஓர் இடம் உண்டு. ‘லவ்வர்ஸ் மீட்’ என்று பெயர். எட்டிப் பார்த்தால், கீழே வெகு ஆழத்தில் தீஸ்தாவும் ரங்கீத்தும் ஒன்று சேர்வது தெரியும். இரண்டு தண்ணீரும் இரண்டு நிறம். கொஞ்ச தூரம் கலக்காமலே பக்கம் பக்கமாக ஓடும். சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. கதையைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இந்த மலைகளின் ஆதிக்குடிகளான லெப்சாக்கள்.

ரோங்ன்யூ பெண், ரங்கீத் ஆண். இரண்டு பேரும் கஞ்சன்ஜங்காவின் பனியில் பிறந்த காதலர்கள். மலையை விட்டு இறங்கிக் கீழே ஓரிடத்தில் சேர்ந்துகொள்வோம் என்று பேசிவைக்கிறார்கள். வழி தெரிய வேண்டுமே? ரோங்ன்யூவுக்கு ஒரு பாம்பு வழிகாட்ட வருகிறது, ரங்கீத்துக்கு ஒரு பறவை. பாம்பு தரையோடு தரையாக ஊர்ந்து, அவளை நேராகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. பறவையோ இரை கண்ட இடமெல்லாம் இறங்குகிறது, மறுபடி பறக்கிறது, வேறு பக்கம் திரும்புகிறது. அதன் பின்னாலேயே அலைந்து களைத்து ரங்கீத் வந்து பார்த்தால், அவள் எப்போதோ வந்து காத்திருக்கிறாள். தோற்றுப்போன வெட்கத்தில் அவன் கேட்கிறான்: ‘தீ ஸா தா?’ நீ எப்போது வந்தாய்? அந்தக் கேள்விதான் தீஸ்தா என்று பெயராக நின்றது என்கிறார்கள் லெப்சாக்கள்.

கதை அதோடு முடிவதில்லை. கோபித்துக்கொண்ட ரங்கீத் வந்த வழியே திரும்ப, தண்ணீர் மலையேறுகிறது. பள்ளத்தாக்குகள் மூழ்குகின்றன. மக்கள் டெண்டோங் மலையின் மேல் ஏறிக்கொள்கிறார்கள். தண்ணீர் உயர உயர, மலையும் கொம்பு மாதிரி வளர்ந்து அவர்களைத் தூக்கிப் பிடிக்கிறது. கடைசியில் கேழ்வரகைப் புளிக்க வைத்துச் செய்த ‘சீ’ என்ற பானத்தைத் தெளித்து வேண்டிக்கொண்ட பிறகே வெள்ளம் வடிகிறது. இன்றைக்கும் ஆகஸ்ட் 8 அன்று சிக்கிமில் ‘டெண்டோங் லோ ரும் ஃபாட்’ என்று அந்த மலைக்கு நன்றி சொல்கிறார்கள். அரசு விடுமுறை நாள் அது. ரோங்ன்யூ, ரங்கீத் கதையைக் கல்யாணங்களில் பாட்டாகப் பாடுகிறார்கள்.

இதை ஒரு காதல் கதையாக மட்டும் படித்தால் பாதி போய்விடும். ஓர் ஆறு ஏன் நேராக வருகிறது, இன்னொன்று ஏன் சுற்றி வருகிறது, வெள்ளம் வந்தால் எந்த மலைக்கு ஓட வேண்டும், வடிந்த பிறகு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் எல்லாமே இதற்குள் இருக்கிறது. எழுத்தைவிட வாய்மொழியை நம்பிய ஒரு சமூகம் தன் நிலத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை இப்படித்தான் பத்திரப்படுத்தியிருக்கிறது.

அவர்கள் தங்களை ‘லெப்சா’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அது வெளியார் வைத்த பெயர். அவர்களுக்கு அவர்கள் ‘ரோங்’. அவர்கள் மொழி ‘ரோங் அரிங்’. சிக்கிம், டார்ஜிலிங், காலிம்பொங் மலைகள், பூட்டானின் மேற்கு ஓரம், நேபாளத்தின் கிழக்கு ஓரம், இதுதான் அவர்கள் பரவி வாழும் நிலம். பழைய பெயர் ‘மாயெல் ல்யாங்’. 1642-இல் யுக்சமில் முதல் சோக்யால் (சிக்கிம் அரசர்) முடிசூடிக்கொண்டபோது திபெத்திய வழி அரசும் பௌத்தமும் அங்கே நிலைபெற்றன. 1835-இல் டார்ஜிலிங் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. தேயிலைத் தோட்டங்கள் வந்தன, நேபாளத்திலிருந்து பெருவாரியாக ஆட்கள் வந்தார்கள், காலிம்பொங்கில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வந்தார்கள். முந்நூறு ஆண்டுக்குள் ரோங் மக்கள் தங்கள் சொந்த மண்ணில் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். சிலர் பௌத்தர்கள், சிலர் கிறிஸ்தவர்கள். எந்த மதத்தில் இருந்தாலும் பெரும்பாலானவர்களின் தெருப் பேச்சு நேபாளி.

ஏட்டில் இருக்கிற சிக்கிம் வரலாறு பெரும்பாலும் அரச குடும்பத்தின் வரலாறு. காபி லுங்ச்சோக் என்ற இடத்தில் லெப்சாத் தலைவர் தெகோங் தெக்கும் திபெத்திய வழியினரான பூட்டியாக்களின் முன்னோர் க்யே பும்சாவும் ரத்தச் சகோதரர்கள் ஆனார்கள் என்பது அதில் முக்கியமான கட்டம். லெப்சாக்கள் வாயில் வேறு ஆட்களும் வருகிறார்கள். காலிம்பொங் அருகே டாம்சாங் கோட்டையில் இருந்து பூட்டானியரை எதிர்த்து நின்று, வஞ்சகமாகக் கொல்லப்பட்ட கேபூ அச்யோக் அவர்களில் ஒருவர். இன்று அந்தக் கோட்டை இடிபாடு. ஆனால் ஆண்டுதோறும் டிசம்பர் 20 அன்று அங்கே கூடி அவர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். பாட்டிமார் வாயில் இருந்த ஒரு பெயர் மேடையும் மைக்கும் உள்ள பொது நிகழ்ச்சியாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மண்ணில் எழுதிய ஏடு

ரோங் மக்களின் தோற்றக் கதையில் இத்பு மூ என்ற தாய்தான் எல்லாவற்றையும் படைக்கிறாள். கஞ்சன்ஜங்காவின் தூய பனியை எடுத்து ஃபோடோங்திங், நாசோங்ன்யூ என்ற முதல் ஆணையும் பெண்ணையும் செய்கிறாள். அண்ணன் தங்கையாகத் தள்ளித் தள்ளி இருங்கள் என்ற கட்டளையை அவர்கள் மீறுகிறார்கள். பிறந்த பிள்ளைகளை ஒளித்து வீசுகிறார்கள். வீசப்பட்டவை ‘மூங்’ என்ற தீய ஆவிகள் ஆகின்றன. வைத்து வளர்த்த பிள்ளையிலிருந்து மனிதர்கள். ஆக, மனிதனைப் பிடிக்கிற நோயும் கெடுதியும் மனிதனின் உடன்பிறப்பு. கைவிடப்பட்ட அண்ணனின் கோபம் அது. அதைத் துரத்துவதைவிட அதனோடு பேசிச் சமாதானம் செய்வதுதான் சடங்கின் வேலை. நான் படித்த தோற்றக் கதைகளில் இவ்வளவு வலியும் இவ்வளவு நியாயமும் சேர்ந்திருக்கிற ஒன்று அரிது.

இந்தக் கதைகள் ஒவ்வொன்றுக்கும் முகவரி இருக்கிறது. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வானத்துக்குக் கோபுரம் கட்டினார்களாம். மேலே இருந்தவர்கள் கொக்கி கேட்க, கீழே இருந்தவர்கள் ‘வெட்டு’ என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு அடியை உடைத்தார்களாம். அது மேற்கு சிக்கிமின் தாராம்தின். அங்கே மண்ணில் கிடைக்கும் பானை ஓடுகளை அந்தக் கோபுரத்தின் மிச்சம் என்று காட்டுகிறார்கள்.

குலங்களுக்கும் முகவரி உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சிகரம், ஓர் ஏரி, ஒரு வாசல். அந்த வாசல் பெரும்பாலும் ஒரு குகை. கஞ்சன்ஜங்காவின் மடியில் மனிதர் போக முடியாத இடத்தில் மாயெல் என்று ஒரு நாடு இருப்பதாக நம்பிக்கை. அங்கே வாழ்பவர்கள் காலையில் குழந்தை, நண்பகலில் வாலிபர், மாலையில் கிழவர். மறுநாள் காலையில் மறுபடி குழந்தை. நெல்லும் தினையும் முதலில் அங்கிருந்துதான் வந்தன. பருவம் தவறாமல் வரும் பறவைகள் விதைக்க நேரமாகிவிட்டது என்று அங்கிருந்து சொல்லி அனுப்பப்பட்டவை. ஒருவர் இறந்தால் அவர் உயிர் தன் குலத்து வாசல் வழியாக முன்னோரிடம் போய்ச் சேர வேண்டும்.

அந்த வழியைக் காட்டுகிறவர் ‘மூன்’. ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். இறந்தவரின் வீட்டில் உட்கார்ந்து, அந்த உயிரோடு பேசி, ஓரிடம் ஓரிடமாகப் பெயர் சொல்லி, ஆற்றை எதிர்த்து மேலே மேலே கூட்டிக்கொண்டு போகிறார். காலிம்பொங்கில் இறந்த ரோங் ஒருவரின் உயிரும் தீஸ்தாவைப் பிடித்து வடக்கே ஏறி, சோங்கு என்ற பகுதியில் ஓடும் ரோங்யோங் ஆறு வழியாகத்தான் வீடு போக வேண்டும். ஒரு முழு நிலப்படம் ஒருவரின் நாக்கில் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்க ஆறு ஓட வேண்டும்.

இப்போது அந்த ஆற்றில் கட்டுகிற அணைகளுக்கு வரலாம். சோங்கு வடக்கு சிக்கிமில், தீஸ்தாவுக்கும் கஞ்சன்ஜங்காவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு. மன்னராட்சிக் காலத்திலேயே லெப்சாக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வெளியார் உள்ளே போக இன்றும் அனுமதிச் சீட்டு வேண்டும், நிலம் வாங்க முடியாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு தீஸ்தாவிலும் அதன் கிளைகளிலும் வரிசையாக நீர்மின் திட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது சோங்குவும் பட்டியலில் வந்தது. 2007 ஜூன் 20 அன்று ‘தீஸ்தாவால் பாதிக்கப்பட்ட குடிமக்கள்’ என்ற அமைப்பினர் கேங்டாக்கில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் படித்த இளைஞர்கள். டாவா லெப்சாவும் டென்சிங் லெப்சாவும் 63 நாள் பட்டினி கிடந்தார்கள். ஆட்கள் மாறி மாறி இருந்த தொடர் உண்ணாவிரதம் 915 நாட்கள் நடந்தது. 2008-இல் சோங்குவுக்குள் திட்டமிட்டிருந்த நான்கு திட்டங்களை அரசு ரத்து செய்தது.

அந்த இளைஞர்கள் என்ன சொல்லி வாதாடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலநடுக்க ஆபத்து, நிலச்சரிவு, வெளியாட்கள் வந்து குவிவது எல்லாம் பேசினார்கள். அதோடு, எங்கள் உயிர்கள் போகிற வழி இது என்றும் சொன்னார்கள். மூன் வாயில் மட்டும் இருந்த ஒரு நிலப்படம் அரசு அலுவலகத்து மேசைக்கு வந்தது. சடங்கு நடக்கும் வீட்டில் பாதி காதாக உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறை, ஆறு பறிபோகும் என்றதும் அதே கதைகளைத் தேடிப்போய்க் கேட்டது. ஒரு மரபுக்கு இப்படியும் மறுபிறப்பு கிடைக்கிறது.

வேண்டும் என்றாலும் வராத ஆள்

மாற்றம் என்று பேசினால் எல்லோரும் நினைப்பது பழையது போய்ப் புதியது வருகிறது என்றுதான். சோங்குவில் அவ்வளவு நேர்க்கோடாக எதுவும் நடக்கவில்லை. 1937-இல் லிங்தெம் என்ற ஊரில் தங்கிய ஆங்கிலேய ஆய்வாளர் ஜெஃப்ரி கோரர், ஒரே வீட்டில் லாமாவும் வருகிறார், மூனும் வருகிறார், இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் யாருக்கும் அது உறுத்தவில்லை என்று பதிவு செய்தார். அப்போதே அது கலந்த வாழ்க்கை. பௌத்தத்தின் செல்வாக்கால் பல வீடுகளில் உயிர்ப்பலி நின்று, முட்டையும் தானியமும் சீயும் படையலாயின. வேட்டையும் காட்டை எரித்து விதைக்கிற சாகுபடியும் குறைந்து, பெரிய ஏலக்காய் வந்தது. நம் வீட்டுப் பிரியாணியில் போடுகிற அந்தக் கறுப்பு ஏலக்காய்தான். அது காசு கொண்டுவந்தது, காசு பள்ளிக்கூடம் கொண்டுவந்தது, பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கேங்டாக்குக்குக் கூட்டிப்போனது. பிறகு ஏலச்செடியில் நோய் விழ, இப்போது பல வீடுகள் ஹோம்ஸ்டே நடத்துகின்றன. மூங்கிலும் பிரம்பும் முறுக்கிக் கட்டிய தொங்கு பாலங்கள் இருந்த இடத்தில் இரும்புக் கம்பி வந்துவிட்டது. இதையெல்லாம் இழப்பு என்று வெளியே உட்கார்ந்து நாம் வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. பிரம்புப் பாலத்தில் மழைக்காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பிறப்பு, கல்யாணம், விதைப்பு, அறுவடை இவற்றுக்கான பூசாரி ‘போங்திங்’. சாவுக்கு மூன். இந்த இரண்டு பேரும் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். காரணம் எளிது, ஆனால் தீர்வு இல்லாதது. மூன் ஆவது படித்து வருகிற தகுதி கிடையாது. குலத்தில் முன்பு மூனாக இருந்த ஒருவரின் ஆவி, பின்னால் பிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன வயதில் காரணம் தெரியாத நோயாக அது வெளிப்படும். பெரியவர்கள் அதை அடையாளம் கண்டு, மூத்த மூன் ஒருவரிடம் விட்டுப் பழக்குவார்கள். இன்றைக்கு அப்படி ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். நாமும் அதைத்தான் செய்வோம். அப்படியே தேர்ந்தெடுக்கப்பட்டாலும், கற்றுக்கொடுக்க மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் அரசு ஆணை போட்டோ, அறக்கட்டளை வைத்தோ, சம்பளம் கொடுத்தோ ஒரு மூனை உண்டாக்க முடியாது.

இதற்கு மிகத் துலக்கமான உதாரணம் நுங் என்ற சோங்கு கிராமம். சிக்கிம் அரசருக்காக ஆண்டுதோறும் கஞ்சன்ஜங்காவுக்குப் படையல் வைக்கும் உரிமை அங்கிருந்த போங்திங்குக்கு இருந்தது. 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு சேர்ந்து மன்னராட்சி முடிந்ததும் அந்த அரசச் சடங்குக்குப் பின்னால் இருந்த ஆதரவும் போனது. அந்த வழியில் கடைசியாக இருந்த முதியவர் 2011-இல் இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று 6.9 அளவு நிலநடுக்கம் சிக்கிமை உலுக்கியது, சோங்கு மிக மோசமாக அடிபட்டது. காரணம் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் மலையோடு பேசத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மலை அப்படி ஆடியது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மொழி வேறு மாதிரி. அதைப் பள்ளியில் கற்றுக்கொடுக்கலாம். 1977-இலிருந்து லெப்சா, சிக்கிமின் அலுவல் மொழிகளில் ஒன்று. பாடநூல் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மேற்கு வங்கப் பக்கத்தில் அரசுப் பள்ளிகளில் இடம் இல்லாமல், சமூகமே மாலை நேரப் பள்ளிகள் நடத்தித் தாக்குப்பிடித்தது. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லெப்சாவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001-இல் 50,629, 2011-இல் 47,331. பத்தாண்டில் ஊர் வளர்ந்தது, மொழி சுருங்கியது. பாடமாக இருப்பதும் அடுப்படியில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

எழுத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவ்வளவு அழகு. லெப்சா எழுத்து ஒரு காலத்தில் மேலிருந்து கீழாக எழுதப்பட்டது. பிறகு இடமிருந்து வலமாக மாறியபோது எழுத்துகள் அப்படியே தொண்ணூறு பாகை திரும்பிக்கொண்டன. அதன் தடம் இன்றும் தெரிகிறது. சொல்லின் கடைசியில் வரும் மெய், நாம் எழுதுவது போல வரிசையில் அடுத்து நிற்காமல், முந்தைய எழுத்தின் தலையில் ஒரு புள்ளியாகவோ கோடாகவோ ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த எழுத்தை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோக்யால் சாக்தோர் நம்க்யால் உருவாக்கினார் என்கிறது அரச மரபு. இல்லை, எங்கள் முன்னோர் திகுங் மென் சாலோங் தந்தது என்கிறது ரோங் மரபு. 2008-இல் இது யுனிகோடில் ஏறியது. இப்போது போனிலேயே எழுதலாம். ஆனால் பழைய கையெழுத்துச் சுவடிகளின் மிகப் பெரிய தொகுப்பு நெதர்லாந்தின் லெய்டனில் இருக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டாக லெப்சாக்களைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ‘அழிந்துவரும் இனம்’ என்பது. 1876-இல் அவர்கள் மொழிக்கு இலக்கணம் எழுதிய ஜெனரல் மெய்ன்வேரிங் காலத்திலிருந்தே இந்தப் புலம்பல் ஓடுகிறது. அழியப்போகிறவர்கள் என்று முடிவுகட்டிவிட்டால் அவர்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, பதிவு செய்துகொண்டால் போதும் என்றாகிவிடுகிறது. அணை கட்டுகிறவருக்கும் அது வசதி. அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் சோனம் செரிங் லெப்சா. காலிம்பொங் வீட்டில் ஓர் அருங்காட்சியகம் வைத்து இசைக்கருவிகளையும் சுவடிகளையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார், தானும் பாடினார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் அதே விருது ஜோர்டன் லெப்சா என்பவருக்கு, பிரம்பும் மூங்கிலும் இழைத்து மரபுத் தொப்பி பின்னும் கலைக்காக.

மேடைக்கு வந்த பண்டிகை

டிசம்பரில் வருவது நாம்சூங், ரோங் புத்தாண்டு. லாசோ மூங் என்ற கொடிய ஆவி பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு விலங்கு உருவம் எடுத்துத் தப்பித்ததாம், கடைசியில் மக்கள் அதைக் கொன்றார்களாம். வெற்றியின் நினைவுதான் புத்தாண்டு, அந்த உருவங்கள்தான் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சி. இன்று சோங்குவின் நாம்பிரிக்டாங்கில், ரோங்யோங்கும் தீஸ்தாவும் கூடுகிற மணல்திட்டில், பெரிய விழாவாக நடக்கிறது. ஆணியில்லாமல், கல் மேல் தூண் நிறுத்திக் கட்டிய பழைய மாதிரி வீடு ஒன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு, உணவுக் கடைகள் உண்டு, அமைச்சர் வந்து பேசுவதும் உண்டு.

இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்து கிராமத்துப் பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கள் மொழியில் ‘காம்ரி’ என்று வணக்கம் சொல்லிக்கொள்ள இன்று வேறு இடம் எது? ஆனால் ஒன்று மாறிவிடுகிறது. அடுப்பு ஓரத்தில் கதை சொல்லும்போது கிராமத்துக்குக் கிராமம் வேறு வேறாக இருந்தது. ஒரு வீட்டில் பறவை சீ தெளித்தது, இன்னொரு வீட்டில் மக்கள் தெளித்தார்கள். இரண்டும் சரி. மேடை ஒரே கதையைத்தான் கேட்கும். அறிக்கையில் அச்சாகிவிட்ட கதை மற்றவற்றை மெல்ல ஓரம் தள்ளும். அணையை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் அமைச்சகத்துக்கும் போகும்போதும் இதே நெருக்கடிதான். எந்தப் பாறை புனிதம், எவ்வளவு தூரம் புனிதம் என்று அளந்து எழுதச் சொல்வார்கள். மூன் அப்படி அளந்து சொன்னதில்லை.

2023 அக்டோபர் 3 இரவு, தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2017-இல்தான் அது மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. பலர் செத்தார்கள், பலர் கிடைக்கவே இல்லை. சோங்குவின் மேற்பகுதியை வெளியுலகோடு இணைத்த சங்கலாங் பாலமும் போனது. பதினாறு ஆண்டுக்கு முன் உண்ணாவிரதப் பந்தலில் சொல்லப்பட்டவற்றில் இந்த ஆபத்தும் ஒன்று. 2024 ஜூன் மழையில் சங்கலாங்கில் போட்ட புதுத் தொங்கு பாலமும் சரிந்தது. 2025 ஜனவரியில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு அதே சுங்தாங்கில் அணையை மறுபடி கட்டலாம் என்று பரிந்துரைத்தது.

தீஸ்தா-3 மேலே, தீஸ்தா-5 கீழே. நடுவில் சோங்குவின் ஓரமாக ஆறு இன்னும் தடையில்லாமல் ஓடுகிற ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. 520 மெகாவாட் தீஸ்தா-4 அந்தத் துண்டுக்காகத்தான் திட்டமிடப்பட்டது. ரோங்யோங் வந்து சேர்வதும் அங்கேதான். கீழே காலிம்பொங்கில் இறந்தவருக்காக மூன் ஒருவர் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டு வந்தால், தீஸ்தாவை விட்டு ரோங்யோங்குக்குத் திரும்ப வேண்டிய இடமும் அதுதான்.